கையால் பின்னிய பரிசு

ஜுரு ஓய்வறியாத ஊர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பினாங்கை நோக்கி வருவோர் பலருக்கு ஜுரு என்றதும் டோல் சாவடியின் நீண்ட வாகன வரிசைதான் நினைவுக்கு வரும். பக்கத்திலேயே பிறை, புக்கிட் மிஞாக் தொழிற்பேட்டைகளில் இரவு பகல் பாராமல் இயந்திரங்கள் இயங்குகின்றன. ஆட்டோ சிட்டி வளாகத்தில் மாலை நேரங்களில் கூட்டம் நிறைந்திருக்கும். நண்பகல் வெப்பம் பெரும்பாலான நாள்களில் 30 பாகையைத் தாண்டிவிடும். இத்தகைய ஊரில் ஒரு மாணவர் நூல்கண்டும் இரண்டு ஊசிகளும் எடுத்துக்கொண்டு பின்னல் பின்ன அமர்ந்தால், பார்ப்பவர்கள் வியப்படைவார்கள். 'இந்த வெயிலுக்குப் பின்னலாடை எதற்கு? கடையில் மலிவாகக் கிடைப்பதை இவ்வளவு பாடுபட்டுச் செய்ய வேண்டுமா? படிக்கிற நேரம் வீணாகாதா?' என்று கேட்கவும் கூடும்.

இம்மூன்று கேள்விகளும் நியாயமானவை. ஆயினும், இவற்றுக்கு விடை தேடிப் பார்த்தால், கைப்பின்னல் மாணவர்களுக்கு ஏற்ற மிக நல்ல பொழுதுபோக்குகளுள் ஒன்று என்பது விளங்கும். அது மன அமைதியைத் தருகிறது. அன்புக்குரியவர்களுக்குக் கொடுக்க ஒரு பரிசையும் தருகிறது. இவற்றைவிட முக்கியமானது இன்னொன்று உண்டு. ஒரு பொருளுக்குள் எவ்வளவு மனித உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதைக் கைப்பின்னல் நம் விரல்களுக்கே உணர்த்துகிறது.

முதலில், கைப்பின்னல் என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நெசவில் பாவு நூல் நெடுக்காகவும் ஊடை நூல் குறுக்காகவும் ஓடித் துணியாகின்றன. பின்னலிலோ பெரும்பாலும் ஒரே நூல்தான். அந்நூலை வளைத்து ஒரு கண்ணி உண்டாக்குவார்கள். அந்தக் கண்ணிக்குள் நூலை இழுத்து அடுத்த கண்ணியை உண்டாக்குவார்கள். ஒரு கண்ணி மற்றொரு கண்ணியைத் தாங்கி நிற்கும். இரண்டு ஊசிகளைக் கொண்டு ஒரு வரிசைக் கண்ணிகளையும் ஊசியிலேயே வைத்துப் பின்னுவது ஒரு முறை. முனையில் கொக்கி உள்ள ஒரே ஊசியைக் கொண்டு ஒவ்வொரு கண்ணியாக முடித்துச் செல்வது மற்றொரு முறை; இதனைக் குரோஷே என்பர். இரண்டிலும் அடிப்படை ஒன்றே: கண்ணிக்குள் கண்ணி.

மாணவர்கள் இதனை நாள்தோறும் அணிகிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. விளையாட்டு நேரத்தில் அணியும் டி-சட்டையின் துணியைச் சற்று இழுத்து உற்றுப் பார்த்தால் நுண்ணிய கண்ணிகள் தெரியும். அது நெய்த துணியன்று, பின்னிய துணி. அதனால்தான் அது உடலோடு நீண்டு சுருங்குகிறது. தமிழ்நாட்டின் திருப்பூர் நகரம் இத்தகைய ஆடைகளால் உலகப் புகழ் பெற்றது. அங்கே அவற்றைப் பின்னலாடை என்றே அழைக்கிறார்கள். கையால் செய்யப்பட்ட இவ்வேலையை இயந்திரத்துக்கு மாற்ற முதன்முதலில் வழி கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லீ. காலுறை பின்னும் இயந்திரத்தை அவர் 1589ஆம் ஆண்டில் உருவாக்கினார்.

இனி, முதல் கேள்விக்கு வருவோம். வெப்ப நாட்டில் பின்னல் எதற்கு? பின்னல் என்றாலே குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டை என்னும் எண்ணம் இங்குப் பரவலாக உள்ளது. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இன்று உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பின்னல் பொருள்களுள் எகிப்தில் கிடைத்த காலுறைகள் குறிப்பிடத்தக்கவை. அவை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. கம்பளியால் அல்ல, பருத்தி நூலால் பின்னப்பட்டவை. எகிப்து குளிர்நாடு அன்று. ஆகவே, சூட்டுக்கு ஏற்ற நூலைத் தேர்ந்தெடுத்தால் பின்னலுக்கு எந்த ஊரும் ஏற்ற ஊரே.

ஜுருவில் பருத்தி நூலால் பின்னத்தக்கவை பல உள்ளன. தோளில் மாட்டும் பை, புத்தக அடையாள நாடா, தண்ணீர்ப் புட்டிக்கு உறை, மேசை விரிப்பு, குழந்தைக்குத் தொப்பி, வீட்டுச் சுவரில் தொங்கவிடும் அலங்காரம் என்று பட்டியல் நீளும். மெல்லிய சால்வைக்கும் இங்கே தேவை உண்டு. கோலாலம்பூருக்கு விரைவுப் பேருந்தில் இரவுப் பயணம் செய்தவர்களுக்குக் குளிர்சாதனத்தின் குளிர் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. மருத்துவமனைக் கூடத்தில் பல மணி நேரம் காத்திருக்கும் பாட்டிக்கு ஒரு பருத்திச் சால்வை பெரும் துணை. வெளியே வெயிலும் உள்ளே குளிரும் மாறி மாறி வரும் வாழ்க்கைதான் இன்றைய மலேசிய வாழ்க்கை.

மேலும், நூலை வளைத்து முடிவது தமிழர் கைகளுக்குப் புதியதன்று. நாரைச் சுற்றிப் பூத்தொடுக்கும் விரல்கள் தமிழர் வீடுகளில் இன்றும் உள்ளன. திருமணப் பந்தலுக்குத் தென்னங்குருத்தைக் கிழித்து மடித்துத் தோரணம் பின்னும் இளைஞர்கள் உள்ளனர். பினாங்கின் பிற இனத்தவரிடமும் இத்தகைய கைத்திறன் உண்டு. நுண்ணிய மணிகளைக் கோத்துக் காலணிக்கு மேற்பகுதி செய்யும் நியோன்யா பெண்களின் கலை இம்மாநிலத்தின் பெருமைகளுள் ஒன்று. முற்காலத்தில் திருமணத்திற்கு முன்பே இக்கலையில் தேர்ச்சி பெற வேண்டும் என்று அவர்களின் குடும்பங்கள் எதிர்பார்த்தன. ஜுரு ஆறு கடலோடு கலக்குமிடத்தில் கோலா ஜுரு என்னும் மீனவர் கிராமம் இருக்கிறது. மீன்பிடித் தொழிலில் கிழிந்த வலையை ஊசியும் நூலும் கொண்டு கண்ணி கண்ணியாகச் சீர்செய்வது இன்றியமையாத வேலை. கைப்பின்னல் இந்த வரிசையில் சேரும் மற்றுமொரு கலை, அவ்வளவே.

வலையைச் சீர்செய்யும் மீனவரை யாரும் கேலி செய்வதில்லை. ஆனால், ஒரு மாணவன் குரோஷே ஊசியைக் கையில் எடுத்தால் 'இது பெண்கள் வேலை' என்று சிரிப்பவர்கள் உண்டு. இந்தக் கேலிக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன் பின்னல் தொழிலாளர் சங்கங்களில் பெருமளவில் இருந்தவர்கள் ஆண்களே. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், தித்திகாக்கா ஏரியில் உள்ள தக்கீலே தீவில் ஆண்கள்தாம் தொப்பி பின்னுகிறார்கள். சிறுவயதிலேயே பின்னக் கற்கிறார்கள். அத்தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005ஆம் ஆண்டு மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. 2021ஆம் ஆண்டு நடந்த தோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் பிரிட்டனின் முக்குளிப்பு வீரர் தோம் டேலி தங்கப் பதக்கம் வென்றார். பதக்கத்தில் கீறல் விழாமலிருக்கத் தாமே ஓர் உறை பின்னி அதில் அதை வைத்துக்கொண்டார். பார்வையாளர் பகுதியில் அமர்ந்து அவர் பின்னிக்கொண்டிருந்த காட்சி உலகெங்கும் பரவியது. பத்து மீட்டர் உயர மேடையிலிருந்து குதிக்கும் துணிவுள்ளவருக்கு நூல்கண்டைக் கையிலெடுக்கக் கூச்சம் இருக்கவில்லை.

அவரைப் போன்றவர்கள் பின்னலை விரும்பக் காரணம் என்ன? ஒரே அசைவு மீண்டும் மீண்டும் வருவதால் மனம் ஓரிடத்தில் நிற்கிறது. ஊசி உள்ளே போகிறது, நூல் சுற்றுகிறது, கண்ணி வெளியே வருகிறது. எண்ணிக்கை தவறாமல் இருக்க வேண்டுமானால் கவனம் சிதறக்கூடாது. கைகள் இரண்டும் நூலில் இருப்பதால் திறன்பேசியை எடுக்கவும் முடியாது. 2013ஆம் ஆண்டில் பிரிட்டனின் தொழில்வழிச் சிகிச்சை ஆய்விதழ் ஒன்று, பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல் ஆர்வலர்களிடம் எடுத்த கருத்தாய்வை வெளியிட்டது. அடிக்கடி பின்னுவோர், மனம் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் இருப்பதாகக் கூடுதலாகத் தெரிவித்திருந்தனர். பின்னலை ஏற்கெனவே விரும்புவோர் தந்த பதில்கள் இவை. எனவே இதனை மருந்து என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், தேர்வுக் காலத்தில் பதற்றமடையும் மாணவர் ஒருவர் முயன்று பார்ப்பதற்கு இது போதிய காரணம்.

பின்னலின் மற்றோர் இன்பம், தவற்றைத் திருத்த இடம் கொடுப்பது. துணியைத் தவறாக வெட்டிவிட்டால் வெட்டியது வெட்டியதுதான். மரத்தைத் தவறாக அறுத்தாலும் அப்படியே. பின்னலில் பத்து வரிசைக்கு முன் ஒரு கண்ணி நழுவியிருந்தால், நூலை இழுத்து அவிழ்த்து, அந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். நூல் வீணாவதில்லை, நேரம்தான் செலவாகிறது. அவிழ்ப்பதற்கு மனம் வராமல் குறையோடு தொடர்வதா, பொறுமையோடு திரும்பச் செய்வதா என்று முடிவெடுக்க வேண்டியவர் பின்னுபவரே. மதிப்பெண் போடவோ கண்டிக்கவோ யாரும் இல்லாத இடத்தில் தம் வேலையைத் தாமே மதிப்பிடப் பழகுவது இளையோருக்கு அரிய பயிற்சி.

இரண்டாவது கேள்வி, கடையில் மலிவாகக் கிடைக்கும்போது எதற்காகப் பின்ன வேண்டும் என்பது. இதற்கு ஒரு சிறு கணக்கு விடை சொல்லும். 40 சென்டிமீட்டர் அகலமும் 150 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு சால்வையை எடுத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் அகலத்திற்கு 2 கண்ணிகள் என்றால் ஒரு வரிசையில் 80 கண்ணிகள். ஒரு சென்டிமீட்டர் நீளத்திற்கு இரண்டரை வரிசைகள் என்றால் மொத்தம் 375 வரிசைகள். இரண்டையும் பெருக்கினால் 30,000 கண்ணிகள். புதிதாகப் பழகியவர் நிமிடத்திற்கு 20 கண்ணிகள் பின்னுகிறார் என்று வைத்துக்கொண்டால் 1,500 நிமிடங்கள், அதாவது 25 மணி நேரம் தேவை. மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8.17 ரிங்கிட். அப்படியானால் அந்தச் சால்வையின் கூலி மட்டும் 204 ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. நூலின் விலை தனி.

இக்கணக்கைப் பார்த்ததும், 'இருபது ரிங்கிட்டுக்குக் கடையில் வாங்கிவிடலாமே!' என்று தோன்றும். பணத்தைச் சேமிக்கப் பின்ன வேண்டும் என்று சொல்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்காதவர்கள். கையால் பின்னுவது மலிவான வழியன்று. அதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவருக்காக இன்னொருவர் தம் வாழ்நாளில் 25 மணி நேரத்தை ஒதுக்கியிருக்கிறார் என்பதே அந்தப் பரிசின் பொருள். விழா மேடைகளில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவது தமிழர் வழக்கம். அடுத்தடுத்துப் போர்த்தப்படும் பொன்னாடைகளுள் எது யார் கொடுத்தது என்பது மறுநாளே மறந்துபோகும். பணி ஓய்வு பெறும் ஆசிரியருக்கு மாணவர்கள் பகுதி பகுதியாகப் பின்னி இணைத்த ஒரு சால்வையைப் போர்த்தினால் அதை அவர் மறப்பாரா?

அந்தக் கணக்கிற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதுதான் மாணவர்கள் அவசியம் சிந்திக்க வேண்டியது. டி-சட்டையின் துணியை இயந்திரம் பின்னிவிடும். ஆனால், குரோஷே பின்னலை அப்படியே செய்யும் இயந்திரம் தொழிற்சாலைகளில் புழக்கத்திற்கு வரவில்லை. ஆகவே, கடையில் உண்மையான குரோஷே பின்னலால் ஆன சட்டையோ பையோ தொங்கினால், அது எங்கோ ஒருவர் தம் கையால் செய்தது. அதன் விலை மிகக் குறைவாக இருந்தால், அந்த மலிவின் சுமை யார் மேல் விழுந்திருக்கும்?

தென்னிந்தியாவின் வரலாறு இதற்கு விடை தருகிறது. ஆந்திர மாநிலத்தின் நர்சாபூர் வட்டாரத்துப் பெண்கள் மெல்லிய பருத்தி நூலால் குரோஷே பூவேலை செய்வதில் புகழ் பெற்றவர்கள். கிறிஸ்துவ சமயப் பணியாளர்கள் வழியாக அங்கு வந்த இக்கலை பின்னர் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் அப்பெண்களின் நிலையை ஆராய்ந்து 1982ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவர் கண்டது வருத்தத்திற்குரியது. நாள்தோறும் பல மணி நேரம் உழைத்தும் அப்பெண்களுக்கு மிகச் சொற்பமான கூலியே கிடைத்தது. அவர்கள் தொழிலாளர்களாகவே கருதப்படவில்லை. 'வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலைதானே' என்ற பேச்சு, குறைந்த கூலிக்குச் சாக்காகப் பயன்பட்டது. பொழுதுபோக்கு என்னும் இனிய சொல்லே அங்கு உழைப்பை மறைக்கும் திரையாகிவிட்டது.

அதே ஊசியும் நூலும் வேறோர் இடத்தில் வேறு பலனைத் தந்ததுண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ஆம் ஆண்டில் எழுதிய கால்டுவெல்லைத் தமிழ் மாணவர்கள் அறிவர். அவருடைய மனைவி எலைசா, நாகர்கோவிலில் சமயப் பணி செய்த மால்ட் தம்பதியரின் மகள். எலைசாவின் தாயார் மார்த்தா மால்ட் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். எழுத்தோடு லேஸ் பின்னும் கலையையும் கற்பித்தார். எலைசா பின்னாளில் இடையன்குடியில் அதே பணியைத் தொடர்ந்தார். பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாக இருந்த காலம் அது. திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவிய காலமும் அதுவே. அந்தச் சூழலில் ஒரு பெண் தன் கைத்திறனால் தனக்கென்று சிறிது பணம் ஈட்டியது பெரிய மாற்றமாகும். ஒரு கலை விடுதலைக்கு உதவுமா, சுரண்டலுக்கு உதவுமா என்பதை அந்தக் கலை முடிவு செய்வதில்லை. அதைச் செய்யும் கைகளுக்கு மற்றவர்கள் தரும் மதிப்பே முடிவு செய்கிறது.

அந்த மதிப்பை எப்படிக் கற்பிப்பது? பாடநூலில் ஒரு பத்தி படித்தால் போதாது. ஒரு முறையாவது ஒரு சாண் அகலத்திற்குப் பின்னிப் பார்க்க வேண்டும். விரல் நோகும், கண்ணி நழுவும், ஓர் அங்குலம் வளர அரை மணி நேரம் ஆகும். அதன் பிறகு, இரவுச் சந்தையில் கைவேலைப் பொருளை விற்கும் அம்மாவிடம் 'இவ்வளவு விலையா?' என்று பேரம் பேச எளிதில் மனம் வராது. சொந்த இன்பத்திற்காகப் பின்னும் ஒருவர், பிழைப்பிற்காகப் பின்னும் இன்னொருவரின் உழைப்பைப் புரிந்துகொள்கிறார். இந்தப் புரிதல் வேறு எந்த வழியிலும் இவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை.

தனியாக இருந்து செய்யும் பொழுதுபோக்கு மனிதரைத் தனிமைப்படுத்திவிடும் என்று சிலர் அஞ்சுவர். சென்னையில் நடந்த ஒரு முயற்சி அந்த அச்சத்தைப் போக்கும். 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்னும் குழுவைச் சேர்ந்தவர்கள் தத்தம் வீடுகளில் சதுரம் சதுரமாகப் பின்னினார்கள். அச்சதுரங்களை ஒன்றிணைத்து 2016 ஜனவரி 31ஆம் நாள் சென்னையில் மாபெரும் குரோஷே போர்வையாக விரித்தார்கள். அதன் பரப்பளவு 11,148.5 சதுர மீட்டர். அது கின்னஸ் உலகச் சாதனையாகப் பதிவு பெற்றது. சாதனைக்குப் பின் அந்தப் போர்வை பிரிக்கப்பட்டுத் தேவைப்படுவோருக்கு நன்கொடையாக வழங்கப்பட்டது. சென்னையும் வெப்பமான நகரம்தான். ஒரு சதுரம் மட்டும் பின்னியவர்களும் அந்தப் பெரும் போர்வையில் பங்குடையவர்களே. இதனைச் சிறிய அளவில் ஜுரு மாணவர்களும் செய்யலாம். ஒரு வகுப்பில் 30 மாணவர்கள் ஆளுக்கு ஒரு சதுரம் பின்னினால், ஐந்து வரிசையும் ஆறு நிரலுமாக இணைத்து முதியோர் இல்லத்தில் உள்ள ஒருவருக்குப் போர்வையாக்கலாம்.

எஞ்சியிருப்பது மூன்றாவது கேள்வி. படிக்கிற நேரம் வீணாகாதா? எந்தப் பொழுதுபோக்கும் அளவு மீறினால் படிப்பைக் கெடுக்கும், பின்னலும் விதிவிலக்கன்று. மணிக்கணக்கில் குனிந்து பின்னினால் கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கும். புதுப்புது நிறங்களில் நூல்கண்டுகளை வாங்கிக் குவிப்பதும் வீண்செலவே. மலிவான செயற்கை நூல் பெரும்பாலும் நெகிழியால் ஆனது என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால், நாளுக்கு 20 நிமிடம் என்று வரையறுத்துக்கொண்டால் படிப்பிற்கு இடையூறு இல்லை. நிமிடத்திற்கு 20 கண்ணிகள் என்ற முன்னைய கணக்கின்படி, நாளுக்கு 400 கண்ணிகள். 75 நாள்களில் ஒரு சால்வை முடிந்துவிடும். அதாவது, பள்ளித் தவணையின் தொடக்கத்தில் ஆரம்பித்தவர் இரண்டரை மாதத்தில் அதைப் பரிசாகக் கொடுக்கலாம். அதே 20 நிமிடங்களைத் திறன்பேசித் திரையில் கழித்திருந்தால் 75 நாள்களுக்குப் பிறகு கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கலாம்.

தொடங்குவதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு கொக்கி ஊசியும் ஒரு பருத்தி நூல்கண்டும் போதும். வெளிர் நிற நூலாக இருந்தால் கண்ணிகள் தெளிவாகத் தெரியும். முதலில் சங்கிலிப் பின்னலைப் பழகி, பிறகு ஒரு சிறு சதுரம் செய்யலாம். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பின்னத் தெரிந்த அத்தை, பாட்டி இருந்தால் அவரிடம் கேட்டுக் கற்பதே சிறந்த வழி. அப்படிக் கற்கும்போது பின்னலோடு பழைய கதைகளும் பேச்சும் சேர்ந்து கிடைக்கும். பள்ளிகளும் புறப்பாட நடவடிக்கைகளில் இதற்கு ஓர் இடம் கொடுக்கலாம். அப்போது மாணவர், மாணவியர் இருபாலரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் சதுரம் கோணலாகத்தான் வரும். அதைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்வது நல்லது. பத்தாவது சதுரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

ஆகவே, கைப்பின்னலைப் பழைய காலத்துப் பொழுதுபோக்கு என்றோ, குளிர்நாட்டு வழக்கம் என்றோ, பெண்களுக்கு மட்டும் உரியது என்றோ ஒதுக்குவது பொருந்தாது. எல்லாமே விரைவாகவும் மலிவாகவும் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் காலத்தில், மெதுவாகவே வளரும் ஒரு வேலை இளையோருக்குத் தேவைப்படுகிறது. அந்த வேலை முடியும்போது ஒருவர் கையில் ஒரு பரிசு இருக்கும். பிறர் கைகளின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடாத பண்பும் அதனோடு வளர்ந்திருக்கும்.